குடிவெறி வீட்டுக்குள் மட்டும் ஏன் சாட்டாகிறது?

திருகோணமலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவர், மாவட்டச் செயலாளர், பொலிஸ் அதிகாரிகள், பிரதேச செயலாளர்கள் அனைவருக்கும்,

வீதி, குளம், உரமானியம் என்று நாள் முழுக்கப் பேசுகிற உங்கள் கூட்டத்தில் அரைமணி நேரம் கேட்டு எழுதுகிறேன். வீட்டில் அடிபட்ட பெண்களோடும், விபத்தில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களோடும் பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணைக்குப் போய்வருகிறவள் நான்.

இரண்டு சாராரிடமும் சொல்லப்படுவது ஒரே வசனம்: "வெறியில செய்திட்டான், விடுங்கோ."

வீதியில் வெறியோடு வாகனம் ஓட்டுவதே குற்றம். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்று சட்டம் கோடு கீறி வைத்திருக்கிறது. அதே ஆள் வீட்டுக்கு வந்து மனுசியின் கையை முறித்தால் குடி அவனுக்குச் சாட்டாகிவிடுகிறது. சாராயக்கடைக்காரனோடு மரியாதையாகப் பேசிக் காசைக் கொடுத்துவிட்டு வந்தவன்தானே? யாருக்கு அடிக்கலாம், யாருக்கு அடிக்கக்கூடாது என்பது வெறியிலும் அவனுக்குத் தெரிகிறது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரே நீதிவான் நீதிமன்றத்தில், மேலும் வன்முறை செய்யாமல் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள், பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். எங்கள் பெண்களுக்குக் கிடைப்பதோ "பிள்ளைகளை யோசியுங்கோ தங்கச்சி" என்ற புத்திமதி. அவனுக்கு ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கை வாங்கிய கையோடு, வெறி இறங்காமலே மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவனையும் கண்டிருக்கிறேன். நிலையத்தின் பேரைச் சொல்லப்போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவை தப்பிவிடும்.

விபத்தில் நேரந்தான் சாட்சி. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் உள்ள மதுசாரம் மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் வரை இறங்கும். வெருகல் பக்கமோ புல்மோட்டை வீதியிலோ ஆளை அடித்துப்போட்டுத் தலைமறைவானவன் அடுத்தநாள் சட்டத்தரணியோடு வந்து நின்றால், பலூனை ஊதச் சொல்லி என்ன பயன்? அதற்கிடையில் அவனுடைய ஆட்கள் செத்தவீட்டுக்கே வந்து செலவுக்குக் காசு நீட்டி, "வழக்கு வேண்டாம்" என்று கடுதாசியில் கையெழுத்துக் கேட்பார்கள். எட்டுச்செலவு முடியாத வீட்டில் யார் அதை வாசித்துப் பார்ப்பது? கவனயீனத்தால் மரணம் விளைவித்ததற்கான வழக்கு அரசின் வழக்கு, குடும்பத்தின் கையெழுத்தோடு முடிவதில்லை என்று ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நட்டஈட்டுக்கு 2 வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும் என்பது பலருக்குத் தெரியவருவது 3ஆம் வருடத்தில்.

வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. இரவு பத்து மணிக்கு முறைப்பாடு எழுதுகிற பொலிஸ்காரருக்குத் தமிழ் தெரியாவிட்டால், அடிபட்டு வந்தவள் சொன்னது ஒன்று, கையெழுத்து வைப்பது இன்னொன்று. பக்கத்தில் நிற்கிற கணவனின் தம்பியே மொழிபெயர்ப்பாளராகிற கொடுமையும் நடக்கிறது.

புதுச் சட்டம் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் நட்பு நிலையம், பிரதேச செயலகங்களில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற உதவித் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குக் கூட்டிப்போக ஆளில்லை. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், இரவிலும் கூப்பிடக்கூடியவராக, பயிற்சி பெற்ற ஒருவரை நியமியுங்கள். முதல் வாக்குமூலத்திலிருந்து தீர்ப்பு வரை அந்த ஒருவரே கூட நிற்கட்டும். விபத்துக் குடும்பங்களுக்கும் அவரே. முறைப்பாட்டைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக்கூடாது என்று எல்லா நிலையங்களுக்கும் எழுத்தில் அறிவியுங்கள். எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனைக்குப் பாதுகாப்புக் கட்டளை கேட்கப்பட்டது, எத்தனை "சமாதானமாக" முடிந்தது என்ற கணக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் பொலிசிடம் கேளுங்கள். அந்த மூன்றாவது கணக்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அடுத்த கூட்டத் திகதியை அறிவித்தால், பேச விரும்புகிற குடும்பங்களோடு மாவட்டச் செயலகத்துக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து ஒரு பெண்