செயலாளரின் ஆண்டறிக்கை: சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தின் குறிப்புகள் உங்கள் கைக்கு வந்திருக்கும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தடையில்லாமல் நடந்தது. பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் வழக்கம்போல் சிறப்பாக நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது ஜூலையில் நம் மண்டபத்தில் நடந்த மருத்துவ உரையைத்தான்.

பேசியவர் நம் தமிழ் வகுப்பில் அ, ஆ எழுதிப் பழகிய பெண். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். டர்பனில் மருத்துவம் படித்து, அவசர மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். அந்தத் துறை நம் நாட்டில் தனிச் சிறப்புப் பிரிவானதே 2000-க்குப் பிறகுதான். இப்போது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்ற நரம்பு நோய் பற்றியும் ஆய்வு செய்கிறார்.

இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார். அவசரப் பிரிவுக்கு வந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றி டாக்டர் சொன்னார். ஒரு கண்ணில் பார்வை மங்கல், கண்ணை அசைத்தால் வலி. முதலில் போன இடத்தில் மன அழுத்தம் என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது எம்.எஸ். நோயின் தொடக்கம். அன்றிலிருந்துதான், அவசரப் பிரிவில் இந்நோய் எங்கே நழுவிப்போகிறது என்று பழைய பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கினாராம்.

மின்கம்பிக்கு உறைபோல நரம்புக்கு மயலின் இருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே அதை அரிப்பதுதான் எம்.எஸ். 1868-ல் பாரிசில் ஷார்கோ என்ற மருத்துவர் இதை முறையாக விவரித்தார். நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. போர்ட் எலிசபெத்தில் பணியாற்றிய மருத்துவர் ஜெஃப்ரி டீன், அமெரிக்கரான கர்ட்ஸ்கேயுடன் சேர்ந்து 1971-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஐரோப்பாவிலிருந்து பெரியவர்களாக இங்கு வந்தவர்களைவிட, 15 வயதுக்குள் வந்தவர்களுக்கு இந்நோய் குறைவு என்று அதில் தெரிந்தது. சிறுவயதில் வளர்ந்த சூழலில் ஏதோ இருக்கிறது என்று அப்போதே சந்தேகம் எழுந்தது. 2022-ல் அமெரிக்கப் படைவீரர்களின் ரத்த மாதிரிகளை வைத்து நடந்த ஆய்வில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் ஆபத்து சுமார் 32 மடங்கு கூடியது தெரியவந்தது. அந்த வைரஸ் பெரும்பாலோருக்குத் தொற்றுவதுதான், ஆனால் நோய் வருவது சிலருக்கே. ஏன் என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

நமக்கு உடனே உதவுவது அடுத்து அவர் சொன்னது. உடல் சூடானால் எம்.எஸ். உள்ளவர்களில் பலருக்குப் பார்வை மங்கும், கால் தளரும். குளிர்ந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். தைப்பூசம் டர்பனின் கொளுத்தும் கோடையில் வருகிறது. காவடி ஊர்வலத்தில் ஒருவர் தள்ளாடினால் அருள் வந்துவிட்டது என்று சும்மா நின்றுவிடாமல், பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுங்கள் என்றார். பேச்சு குழறினாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் எண்ணான 10177-ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனையில் யாரை எவ்வளவு விரைவில் பார்க்க வேண்டும் என்பதை நிறத்தால் குறிப்பார்கள்; திடீர் நரம்புக் குறைபாட்டுக்கு ஆரஞ்சு நிறம், அதாவது பத்து நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். எப்போது தொடங்கியது என்பதை முதலில் சொல்லுங்கள் என்றும் வற்புறுத்தினார். இதைச் சொல்லும்போது அவர் குரல் சற்று உயர்ந்தது. கேட்ட நமக்கும் அது உறைத்தது.

ஆகவே வரும் தைப்பூசத்துக்கு நிழற்பந்தல், குளிர்ந்த நீர், ஈரத்துண்டு, பயிற்சி பெற்ற தொண்டர்கள் ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கும் தீர்மானத்தைச் செயற்குழு இன்று வைக்கிறது. தொண்டர்களுக்குப் பயிற்சி தர டாக்டர் சம்மதித்திருக்கிறார். முன்மொழியவும் வழிமொழியவும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்