வண்டியின் நெற்றியில் இருக்கும் பெட்டி

அன்புள்ள மக்கா,

நம் கூட்டாளி தாடியின் மகள் கல்யாணப் பந்தியில் பார்த்தது, எட்டு மாதம் ஓடிவிட்டது. உன் போனை மூன்று தடவை எடுக்கவில்லை, தப்பு என் மேல்தான். வீட்டில் எல்லாரும் சுகம். சின்னவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மதினிக்குச் சர்க்கரை குறைந்ததா? மருந்தை ஒழுங்காகப் போடச் சொல், நீயும் ராத்திரியில் அல்வா வாங்கிக்கொண்டு போகாதே.

ஒரு விஷயம் சொல்லணும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து வாத்தியார் குரலில் வகுப்பு எடுத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

மே மாதம் தூத்துக்குடியிலிருந்து பெங்களூருக்கு இறால் ஏற்றிப் போனேன். 6 டன், மைனஸ் 18 டிகிரியில் போகவேண்டிய சரக்கு. வாடிப்பட்டி தாண்டியதும் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. லாரி இஞ்சின் வேறு, கேபினுக்கு மேலே பெட்டியின் நெற்றியில் உட்கார்ந்திருக்கும் கூலிங் யூனிட்டின் இஞ்சின் வேறு. 22 வருஷமாக அந்தச் சத்தத்துக்குக் கீழேதான் என் பிழைப்பு. அது நின்றால் நெஞ்சுக்குள் ஏதோ நின்ற மாதிரி இருக்கும். ஓரம் கட்டிப் பார்த்தேன், பெல்ட் அறுந்திருந்தது. மணி இரண்டு. ஒரு மணி நேரத்தில் டிகிரி மைனஸ் 15க்கு வந்துவிட்டது. இறால் முதலாளிக்கு என்ன சொல்வது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

மதுரையிலிருந்து ஒரு பையன் பைக்கில் வந்தான். 25 வயது இருக்கும். செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஏறினான். பழைய பெல்ட்டை எடுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, பெல்ட்டு தானா அறுகல. இந்த புல்லி கோணலா ஓடுது” என்றான். பெல்ட் சுற்றும் சக்கரமான அந்தப் புல்லியை நேராக்கி, புது பெல்ட் மாட்டி, 40 நிமிஷத்தில் யூனிட்டை ஓட வைத்துவிட்டான். ஸ்பேனரை அவன் டூல்ஸ் பெட்டியில் வைக்கும்போதுதான் பார்த்தேன். மூடியின் உள்பக்கம் மீனாட்சி அம்மன் படம், பக்கத்திலேயே கோட்டு போட்ட ஒரு கறுப்பு மனிதரின் படம். யாரப்பா, பாஸ்டரா என்று கேட்டேன். “இல்ல அண்ணாச்சி, இந்த யூனிட்ட மொதல்ல செஞ்சவரு” என்றான்.

அவர் பெயர் ஃப்ரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ். மக்கா, அன்றைக்கு ராத்திரி ஆரம்பித்தது, மூன்று மாதமாக இந்த மனுஷனைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். லோடு இறக்கக் காத்திருக்கும் நேரமெல்லாம் இதுதான் வேலை.

1893-ல் அமெரிக்காவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மா இல்லை. அப்பா ரயில்வே கூலி, வெள்ளைக்காரர். ஏழு வயதுப் பையனை ஒரு பாதிரியாரிடம் விட்டுவிட்டுப் போனார், இரண்டு வருஷத்தில் அந்த அப்பாவும் செத்துப்போனார். பையன் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பதினோரு வயதில் சின்சினாட்டி ஊருக்கு ஓடி, ஒரு கார் பட்டறையில் தரை கூட்டச் சேர்ந்தார். கூட்டிக்கொண்டே பார்த்துப் பார்த்து இஞ்சின் வேலையைக் கற்றுக்கொண்டார். பிறகு 1912-ல் மினசோட்டாவில் ஹாலக் என்கிற சின்ன ஊர், அங்கே ஒரு பெரிய பண்ணையில் மெக்கானிக். முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போய் ராணுவ முகாமில் மின்சாரக் கம்பியும் டெலிபோன் கம்பியும் இழுத்தார். திரும்பி வந்து அதே ஹாலக்கில் உள்ளூர் ரேடியோவுக்கு ஒலிபரப்பிக் கருவி, டாக்டருக்கு எக்ஸ்ரே மெஷின், பேசும் படம் வந்ததும் தியேட்டருக்கு ஒலிக் கருவி. எல்லாம் கிடைத்த சாமானை வைத்துச் செய்தவை. அந்த ஒலிக் கருவியைப் பார்த்துத்தான் மினியாபொலிஸில் சினிமா உபகரணம் செய்துகொண்டிருந்த ஜோசப் நியூமெரோ அவரை வேலைக்கு எடுத்தார்.

அப்புறம் 1938. அப்போதெல்லாம் லாரியில் இறைச்சி போனால் கூடவே ஐஸ் கட்டியும் போகும். ஐஸ் உருகினால் சரக்கு நாறும். லாரி முதலாளி ஒருவருக்கு ஒரு லோடு கோழி முழுக்க அப்படி வீணாகப் போயிற்று. கோல்ஃப் ஆடப்போன இடத்தில் அவர் புலம்பியதைக் கேட்டு, உன் லாரிக்கு நான் கூலிங் வைத்துத் தருகிறேன் என்று நியூமெரோ வாயைக் கொடுத்துவிட்டார் என்று சொல்கிறார்கள். வாயைக் கொடுத்தது முதலாளி, செய்து முடித்தது ஜோன்ஸ்.

நீ உடனே கேட்பாய், குளிர்சாதனம் அதற்கு முன்னாடியே இல்லையா என்று. இருந்தது. 1880களிலேயே கப்பலில் உறையவைத்த இறைச்சி ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்குப் போயிருக்கிறது. ஆனால் லாரி வேறே சாதி. வேகத்தடை, பள்ளம், திடீர் பிரேக் என்று குலுங்கிக்கொண்டே போகும் வண்டியில் செப்புக் குழாய் விரியும், போல்ட் கழன்று விழும், கேஸ் லீக் ஆகும். இன்றைக்கும் என் யூனிட்டில் மாதம் ஒரு போல்ட்டையாவது முறுக்குகிறேன். குலுக்கலைத் தாங்கவேண்டும், எடை குறைவாக இருக்கவேண்டும், தனக்கென்று ஒரு இஞ்சினோடு தானாக ஓடவேண்டும். அவருக்கு முன்னால் இருந்த கணக்கு இதுதான். முதலில் செய்த யூனிட்டை வண்டியின் அடிவயிற்றில் மாட்டினார். ரோட்டுச் சேறும் புழுதியும் ஏறி அடைத்துக்கொண்டது. உடனே தூக்கி வண்டியின் நெற்றியில் வைத்துவிட்டார். என் தலைக்கு மேலே அது ஏன் இருக்கிறது என்று 22 வருஷத்தில் ஒருநாள்கூட நான் கேட்கவில்லை மக்கா. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இரண்டாம் உலகப்போர்க்காலத்தில் ராணுவத்துக்கு உணவு, மருந்து, ரத்தம் எல்லாம் அவருடைய யூனிட்டுகளின் குளிரில் போயிருக்கின்றன. ரத்தம் என்றதும் இன்னொருவரையும் சொல்லவேண்டும். சார்ல்ஸ் ட்ரூ என்று ஒரு கறுப்பின டாக்டர். ரத்தத்தையும் அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவையும் கெடாமல் சேமித்து அனுப்பும் முறையை ஒழுங்குபடுத்தியவர். 1940-ல் பிரிட்டனுக்குப் பிளாஸ்மா அனுப்பும் ஏற்பாட்டையே நடத்தியிருக்கிறார். ஆனால் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பர் ரத்தமே வேண்டாம் என்றது. பிறகு வாங்கிக்கொண்டது, தனியாகப் பிரித்து வைத்தது. 1950 வரைக்கும் அப்படித்தான். ரத்த வங்கிக்கு வழி செய்தவரின் ரத்தத்தையே தனி பாட்டிலில் வைத்திருப்பார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. மிசிசிப்பியில் நெட் என்று ஒரு அடிமை, பருத்தி வயலுக்கு ஒரு கருவி செய்தான். அவனுடைய முதலாளி ஆஸ்கர் ஸ்டூவர்ட் அதற்குக் காப்புரிமை கேட்டு அரசாங்கத்துக்கு எழுதினார். 1858-ல் தீர்ப்பு வந்தது. அடிமை குடிமகன் இல்லை, அதனால் அவனுக்குக் கிடையாது. முதலாளி கண்டுபிடிக்கவில்லை, அதனால் அவருக்கும் கிடையாது. முதலாளிக்கு நஷ்டமில்லை, கருவியைச் செய்து விற்கப் போய்விட்டார். நெட் என்ன ஆனான்? அந்த மாதிரி எத்தனை நெட் இருந்திருப்பார்கள், எத்தனை கருவிகளை இன்றைக்கும் நாம் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

உன்னிடம் ஒரு சண்டையும் உண்டு. ட்ராஃபிக் லைட்டின் மூன்று கலரையும் காரெட் மார்கன் கண்டுபிடித்தார் என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தாய். வாத்தியார் நீ, சரிபார்க்க வேண்டாமா? மூன்று கலர் விளக்கு டெட்ராய்டில் ஒரு போலீஸ்காரர் 1920-லேயே வைத்தது. மார்கன் 1923-ல் காப்புரிமை வாங்கியது கையால் சுற்றும் கம்பத்துக்கு. நில், போ இரண்டுக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் வண்டியை நிறுத்தும் நிலை அதில் உண்டு. அது போதாதா அவருக்கு? அதோடு புகைக்குள் நுழைய அவர் செய்த முகமூடியை மாட்டிக்கொண்டு, 1916-ல் கிளீவ்லாந்தில் ஏரிக்கு அடியில் வெடித்த சுரங்கத்துக்குள் இறங்கி ஆட்களைத் தூக்கி வந்தவர் அவர். அதே முகமூடியை விற்க ஒரு வெள்ளைக்கார நடிகரை முன்னால் நிறுத்திவிட்டு, மார்கன் செவ்விந்தியர் வேஷம் போட்டு நின்றிருக்கிறார். செய்தவன் கறுப்பன் என்று தெரிந்தால் வாங்கமாட்டார்கள் என்பதற்காக. இல்லாததை ஏற்றிச் சொன்னால் இருப்பதையும் நம்பமாட்டார்கள், இனிமேல் அப்படி அனுப்பாதே.

ஜோன்ஸுக்கு 60க்கும் மேலே காப்புரிமைகள். 1961-ல் இறந்தார். நாட்டின் பெரிய தொழில்நுட்பப் பதக்கம் 1991-ல் கொடுத்தார்கள், 30 வருஷம் கழித்து. பாலிடெக்னிக் ஹாஸ்டலில், கட்டை என்று கூப்பிடுவோமே, அவன் பம்புசெட்டைத் திருத்தினானே, அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? “படிக்காதவன் செய்றது ஒட்டுவேலைடா, கண்டுபிடிப்பு இல்ல” என்றாய். நானும் தலையை ஆட்டினேன். கட்டை ஒன்றும் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். அந்த முகம் இப்போது திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறது. தீபாவளிக்கு அவன் ஊருக்கு வருகிறானாம். நாம் இரண்டு பேரும் போய்ப் பார்க்கவேண்டும், வரமாட்டேன் என்று சொல்லாதே.

அதற்கு முன்னால், அடுத்த மாதம் 14-ஆம் தேதி விடியக்காலை உங்கள் ஊர் பைபாஸ் வழியாக வருகிறேன். நாலு மணிக்கு டீக்கடை முன்னால் நில். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெப்பம் பாடம் நடத்தும்போது ஜோன்ஸைச் சொல் என்று கேட்கப்போகிறேன், ஆனால் பார்க்காமல் சொன்னால் உனக்கே பிடிபடாது. யூனிட்டின் மூடியைத் திறந்து கம்ப்ரசர், பெல்ட், குழாய் எல்லாம் காட்டுகிறேன். ஏணி வண்டியிலேயே இருக்கிறது. வேட்டி கட்டிக்கொண்டு வராதே, ஏறமுடியாது.

உன்
சேவியர்