256 அணுக்களும் வங்கியின் கடவுச்சொல்லும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது அறிந்து நிம்மதி. இங்கு நாங்கள் எல்லோரும் சுகம்.

256 அணுக்களைக் கொண்ட அக்கீலா என்ற குவாண்டம் கணினி வங்கிகளின் கடவுச்சொற்களை உடைத்துவிடுமா என்று மகள் கேட்டதாக எழுதியிருந்தாய். உடைக்காது. பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரித்து இரகசியக் குறியீடுகளை உடைக்க 1994இல் பீட்டர் ஷோர் என்ற கணிதவியலாளர் வகுத்த வழிமுறைக்கு, கணக்கைப் படிப்படியாகச் செய்யும் டிஜிட்டல் குவாண்டம் கணினி வேண்டும். குயேரா நிறுவனத்தின் அக்கீலாவோ, ஒரு பொருளின் நடத்தையை அணுக்களைக் கொண்டு நேரடியாகப் போலச் செய்து காட்டும் அனலாக் வகையைச் சேர்ந்தது. அதில் ருபீடியம் அணுக்களை லேசர் கற்றைகளால் சில மைக்ரோமீற்றர் இடைவெளியில் நமக்கு வேண்டிய வடிவில் நிறுத்தி, இன்னொரு லேசரால் கிளர்த்துகிறார்கள், அதாவது உயர் ஆற்றல் நிலைக்கு ஏற்றுகிறார்கள். மிக அருகிலுள்ள இரண்டு அணுக்கள் ஒரே நேரத்தில் கிளர்ச்சியடைய முடியாது என்பதால், காந்தப் பொருளொன்றின் உள்நடத்தையை அந்த அடுக்கே நடித்துக் காட்டிவிடும். சில மைக்ரோசெக்கன்களில் ஓட்டம் முடிந்ததும் படம் எடுக்கிறார்கள். கிளர்ந்த அணுக்கள் பறந்துபோயிருக்கும், ஆகவே படத்தில் வெறுமையாகத் தெரியும் இடங்களே விடை.

இதன் அருமை பௌதிகவியலில்தான். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு கியூபிட்; இங்கு ஒவ்வோர் அணுவும் ஒரு கியூபிட். 50 கியூபிட்டுகளின் நிலையை முழுமையாக எழுதவே ஏறத்தாழ 11 கோடி கோடி எண்கள் தேவை. 2017இல் ஹார்வர்ட் குழு 51 அணுக்களை வைத்துச் செய்த சோதனையில், விரைவில் அடங்கிவிடும் என எதிர்பார்த்த, அணுக்கள் இரு அமைப்புகளுக்கிடையே மாறி மாறிச் செல்லும் ஊசலாட்டம் அடங்காமல் நீடித்தது. அதை விளக்கக் கோட்பாட்டாளர்கள் பின்னர்தான் முனைந்தார்கள். எந்த விளம்பரத்தையும்விட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

ஆனால் லேசரின் வலு சற்றுப் பிசகினாலும் நாம் கேட்ட கேள்வியே வேறாகிவிடும். டிஜிட்டல் முறையில் உள்ளதுபோல பிழைகளை அவ்வப்போது திருத்திச் செல்லும் பொதுவான வழி இங்கு இல்லை. சாதாரணக் கணினியால் எட்ட முடியாத விடையை எதைக் கொண்டு சரிபார்ப்பது என்பதும் சிக்கல்தான். 2025இல் டி-வேவ் என்ற இன்னொரு குவாண்டம் கணினி நிறுவனம் தன் இயந்திரம் அந்த எல்லையைக் கடந்துவிட்டதாக அறிவித்தபோது, கணக்கின் ஒரு பகுதியைச் சாதாரணக் கணினியிலேயே செய்யலாம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இத்தகைய அறிவிப்புகளை நான் பாதி விலைக்குத்தான் வாங்குவேன்.

மகளிடம் நேரியல் இயற்கணிதத்தை இப்போதே தொடங்கச் சொல். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது மீதியை அவளோடு நேரில் பேசுகிறேன்.

அன்புடன்,
குமார்