ஏபிஎஸ் விளக்கும் என் சின்ன ஸ்கேனரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தண்டையார்பேட்டையில் 22 வருடமாக கார் ஷெட் வைத்திருக்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற வாகனப் புகை விதி வந்தபின், காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் இல்லாமல் பிழைப்பில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள 16 பின் சாக்கெட்டில் மலிவான கருவியைச் செருகினால் இன்ஜின் கோளாறு மட்டும்தான் தெரியும். 'பி0301' என்ற கோடு வந்தால், முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் மிஸ் ஆகிறது என்று அர்த்தம். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று நாம்தான் தேட வேண்டும்.

போன வாரம் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு எரிந்தபடி ஒரு வாடகைக் கார் வந்தது. என் கருவி 'கோளாறு இல்லை' என்றது. நண்பரின் பெரிய ஸ்கேனரை இரவல் வாங்கிப் போட்டதும் இடது பின்சக்கர சென்சாரைக் காட்டியது. சக்கரத்தைக் கழற்றினால், ஒயர் உரசி உரசிச் செம்புக் கம்பி பச்சை பூத்து நின்றது. பிரேக் விஷயம், சார்! அந்தப் பெரிய ஸ்கேனருக்கு வருடா வருடம் அப்டேட் பணம் வேறு.

கார் கம்பெனிகள் சர்வீஸ் விவரங்களை எங்களுக்கும் கட்டுப்படியாகும் விலையில் கொடுக்க அரசு வழி செய்ய வேண்டும்.

— ஒரு கார் மெக்கானிக், சென்னை-81