என் தம்பியைக் காத்தவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியோர் அனைவருக்கும் குலசேகரம் வட்டாரத்திலிருந்து எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்திற்கு ரப்பர் பால் வெட்டும் வேலைக்குச் சென்றிருந்த என் தம்பி, மாசி மாதத்தில் கடும் காய்ச்சலோடும் தாங்க முடியாத தலைவலி, உடல்வலியோடும் ஊர் திரும்பினான். இத்தகைய காய்ச்சலைக் கண்டால் நம் பகுதியில் டெங்குவும் எலிக்காய்ச்சலுமே முதலில் நினைவுக்கு வரும். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் அம்மாவோ, "எங்கே தம்பி வேலை பார்த்தீங்க? அங்கே குரங்கு ஏதும் செத்துக் கிடந்ததா?" என்று கேட்டார். அவன் பிழைத்ததற்கு அந்தக் கேள்வியே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1957-இல் அதே சிமோகாவின் கியாசனூர் காட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட, உண்ணி கடிப்பதால் பரவும் வைரஸ் நோய் இது. குரங்குகளும் இதனால் இறப்பதால் குரங்குக் காய்ச்சல் என்பார்கள். டிசம்பர் முதல் மே வரை இது மிகுதியாகக் காணப்படும் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

உடனே ரத்த மாதிரியை, வைரஸைக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பிய மருத்துவர் ஐயாவுக்கும் ஆய்வகத்தினருக்கும் நன்றி. இந்த வைரஸை அழிக்கும் தனி மருந்து இல்லை என்பதை அவர் மறைக்காமல் சொன்னார். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து ரத்தக்கசிவு ஏற்படக்கூடும் என்பதால் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்த்து, பாராசிட்டமாலும் சிரை வழி நீர்ச்சத்தும் கொடுத்து, இரவும் பகலும் கண்காணித்தார். காய்ச்சல் தணிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, சிலருக்கு ஓரிரு வாரங்களில் அது திரும்பி மூளையையும் பாதிக்கும் என்றும், தலைவலியோ கழுத்து விறைப்போ மனக்குழப்பமோ தோன்றினால் பொழுது விடியக் காத்திருக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார். அவ்வாறே காய்ச்சல் திரும்பியது. அவர் சொல்லியிருந்ததால் நள்ளிரவிலேயே அவனைச் சேர்த்தோம். ஆட்டோ ஓட்டிய அண்ணன் வாடகை வாங்க மறுத்துவிட்டார்.

இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை என்று தெருவில் வீடு வீடாகச் சென்று விளக்கிய கிராம சுகாதார செவிலியருக்கும், அதைக் கேட்டு எங்களை ஒதுக்காமல் கஞ்சி கொண்டுவந்து தந்த அக்கம்பக்கத்தாருக்கும் என் தாய் கைகூப்பி நன்றி சொல்லச் சொன்னார்.

சிமோகா, வயநாடு பக்கம் வேலைக்குச் செல்லும் நம் ஊர்ப் பிள்ளைகள் காய்ச்சலோடு திரும்பினால், வேலை செய்த இடத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுமாறு வேண்டுகிறேன்.

தோட்டத்தை ஒட்டிய காட்டில் குரங்குகள் இறந்து கிடந்ததைத் தொலைபேசியில் உறுதிசெய்து, அங்குள்ள சுகாதாரப் பணியாளர்களுக்கும் தெரிவித்த உடன்வேலைக்காரச் சகோதரர்களுக்கும் எங்கள் நன்றி உரியது.

இப்படிக்கு,
அவனுடைய அக்காள்