பழி ஷார்ப்னருக்கு

அன்புள்ள மைக்கூடே,

எட்டு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டிக்கொள், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? முதுகுவலி குறைந்ததா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தில் மற்றதெல்லாம் ஒரு பக்கம். உன் சின்ன மகள் "சீவச் சீவ உடையுது" என்று பென்சிலை விட்டெறிந்தது ஒரு பக்கம். மட்டமான பென்சில் என்று நீயும் தீர்ப்பு எழுதிவிட்டாய். பள்ளிக்கூடத்தில் நம் ஆட்கள் அத்தனை பேரும் அந்தக் காலத்தில் சொன்ன அதே தீர்ப்பு. எனக்கு ஒப்பவில்லை.

அடுத்த முறை உடைந்த துண்டை எடுத்துப் பார்க்கச் சொல். கூர்முனை மட்டும் முறிந்து ஷார்ப்னருக்குள் சிக்கிக்கொண்டால், பெரும்பாலும் பிளேடு மழுங்கியிருக்கும், இல்லாவிட்டால் அவள் பக்கவாட்டில் அழுத்துகிறாள். பிளேடை மாற்றி, அழுத்தாமல் சுற்றினால் போதும். சீவிய மரம் ஒரு பக்கம் மட்டும் முனைவரை ஏறி நின்றால், கருப்புக் குச்சி மரத்தின் நடுவில் இல்லை என்று அர்த்தம். அது செய்தவன் குறை, வைத்தியம் கிடையாது. மூன்றாவது வகைதான் நம்மை அழவைத்தது. முனை விழப்போகிற பால்பல் மாதிரி ஆடி, குட்டைத் துண்டாகக் கழன்று விழும். மறுபடி சீவினால் கொஞ்சம் தள்ளி இன்னொரு துண்டு. இதற்கும் ஷார்ப்னருக்கும் சம்பந்தமே இல்லை. என்றைக்கோ மேஜையிலிருந்து பென்சில் விழுந்தபோதே உள்ளே இரண்டு மூன்று இடத்தில் விரிசல் விட்டாயிற்று. கிராஃபைட்டையும் களிமண்ணையும் குழைத்துச் சுட்டெடுத்த குச்சி அது. ஓடு மாதிரி, வளையாது, முறியும். வெளியே மரத்தில் ஒரு கீறல்கூட இருக்காது. பழி மட்டும் ஷார்ப்னருக்கு! ஒட்டவைக்க வழியில்லை. விரிசலைத் தாண்டும்வரை பொறுமையாகச் சீவ வேண்டும். பென்சில் குட்டையாகும், அப்புறம் ஒழுங்காக எழுதும்.

இங்க் பேனா கக்கியதும் இதே ரகம். மை நிறைய ஊற்றியதால்தான் கக்கியது என்று நம் வகுப்பு மூக்கன் அடித்துச் சொல்வானே, உண்மை நேர் எதிர். குழாய் நிறைய மை இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. மை தீரத் தீரக் காற்று சேரும், அது உள்ளங்கைச் சூட்டில் விரிந்து, மிச்ச மையை நிப்பு வழியாகத் தள்ளிவிடும். மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போதே ஊற்றிவிட வேண்டும். பையிலிருந்து எடுத்ததும் நிப்பு மேலே பார்க்கப் பிடித்துத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். காலியாகப் போகிற பேனாதான் சட்டையைக் கெடுக்கும். மூக்கனுக்கு இதைச் சொல்லிவிடு, அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

ரப்பர் கருப்பாக இழுவுவதற்கு ரப்பரைத் திட்டிப் பயனில்லை. போன தடவை அழித்த கரி அதன் முகத்திலேயே இருக்கிறது. முதலில் வேண்டாத தாளில் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு அழிக்கச் சொல். சாக்பீஸ் கிறீச்சிட்டால் பாதியாக உடைத்து, சாய்த்துப் பிடிக்கலாம். அவ்வளவுதான் அதில்.

ஷூ கயிறு மட்டும் கொஞ்சம் விரிவாக. கட்டிய பூ, அதாவது அந்த இரண்டு வளையமும், பாதத்துக்குக் குறுக்கே படுத்திருந்தால் சரியான முடிச்சு. பாதத்தின் நீளவாக்கில் திரும்பி நின்றால் தப்பு முடிச்சு, சீக்கிரம் அவிழும். எல்லோரும் பூவை இறுக்குவார்கள். பிசகு அதற்கு முந்தின படியில் இருக்கிறது. முதலில் போடும் குறுக்கில் இடதை வலதுமேல் போட்டிருந்தால், இனி வலதை இடதுமேல் போட்டுப் பார். மேலே உள்ளதை மாற்றவே வேண்டாம். 2017-இல் பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பொறியாளர்கள் ஓடுகிறவர் ஷூவை அதிவேகக் கேமராவில் பிடித்துப் பார்த்தார்கள். பாதம் தரையில் மோதும் விசை புவியீர்ப்பைப்போல ஏழு மடங்காம். அந்த அதிர்ச்சியில் முடிச்சு நெகிழ, காலோடு வீசும் கயிற்று நுனிகள் அதை உருவிவிடுகின்றன. வெகுநேரம் ஒன்றும் ஆகாததுபோல இருக்கும், தொடங்கினால் நொடியில் முடிந்துவிடும்.

இத்தனை பக்கம் பென்சிலுக்கும் கயிற்றுக்குமா என்று சிரிப்பாய். உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன்டா. நம் வகுப்பு லீடர் அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தையால்தான் உங்களுக்குள் எல்லாம் போச்சு என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையும் ஷார்ப்னர் மாதிரிதான். ஒரு வார்த்தைக்கு உடைகிற ஆட்களா நீங்கள்? அதற்கு முன்னால் எப்போதோ உங்கள் நட்பு கீழே விழுந்திருக்கிறது. அவன் அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் என்பது என் ஊகம், தப்பாகவும் இருக்கலாம். அந்த வார்த்தையை விட்டுவிட்டு அங்கே போய்ப் பார். அவனிடம் மன்னிப்புக் கேட்கவும் சொல்லவில்லை, கேட்க வைக்கவும் சொல்லவில்லை.

போதும், எனக்கே வாத்தியார் குரல் கேட்கிறது. அடுத்த கடிதத்துக்கு என்னை மாதிரி எட்டு மாதம் எடுத்துக்கொள்ளாதே. சின்னவளின் பென்சில் எந்த ரகத்தில் உடைந்தது, உன் ஷூவில் பூ எந்தப் பக்கம் பார்க்கிறது, இரண்டு வரியாவது எழுது.

உன்,
அழிரப்பர்