கன்றின் சீரத்துக்கு மாற்று ரத்த வங்கியிலேயே இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்து, தடுப்பூசி, தோல் ஒட்டு என எந்த ஆய்வுக்காகச் செல்களை வளர்த்தாலும், ஊட்டமாக இன்றும் பெரும்பாலும் சேர்க்கப்படுவது பசுவின் கருவிலிருந்து எடுக்கப்படும் சீரம்தான். இறைச்சிக்கூடத்தில் அறுக்கப்படும் சினைப்பசுவின் வயிற்றிலிருந்து கன்றுக்கருவை வெளியே எடுத்து, அதன் இதயத்தில் ஊசி செலுத்தி ரத்தத்தை உறிஞ்சி, உறையவிட்டுப் பிரிக்கும் நீர் அது. செல்கள் வளரும் சத்துநீரான வளர்ப்பு ஊடகத்தில் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு இதுவே. 1950களின் பிற்பகுதியில் பரவிய இப்பழக்கத்தைக் காரணம் கேட்காமலே நம் மாணவர்களுக்கு இன்னும் கற்றுக்கொடுத்து வருகிறோம் என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

கோவாக்சினில் புதிதாய்ப் பிறந்த கன்றின் சீரம் கலந்திருப்பதாக 2021 ஜூனில் பேச்சு எழுந்தபோது, அது வெரோ எனப்படும் குரங்குச் சிறுநீரகச் செல்களை வளர்க்க மட்டுமே பயன்பட்டது, இறுதித் தடுப்பூசியில் இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் விளக்கியது. விளக்கம் சரியானதே. ஆனால் அந்த வளர்ப்புக்குக் கன்றின் சீரம் தேவைதானா என்பதே நாம் தொடர்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அதற்கான விடை 1974இலேயே கிடைக்கத் தொடங்கிவிட்டது. ரத்தம் உறைந்தபின் கிடைக்கும் சீரம் செல்களைப் பெருகச் செய்கிறது, உறையாத ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா அவ்வளவாகச் செய்வதில்லை என்பதையும், அந்த வேறுபாட்டுக்குக் காரணம் உறையும்போது தட்டணுக்கள் வெளிவிடும் ஒரு பொருளே என்பதையும் அமெரிக்காவில் ஆய்வாளர் ரஸ்ஸல் ராஸ் குழுவினர் காட்டினர். காயம் பட்ட இடத்தில் தட்டணுக்கள் திரண்டு புண்ணை ஆற்றத் தொடங்குவதும் செல்களைப் பெருகத் தூண்டும் இத்தகைய பொருள்களை, அதாவது வளர்ச்சிக் காரணிகளை, கொண்டுதான். ஆக, சீரத்தில் நாம் நாடும் ஆற்றலில் பெரும்பகுதி மனிதத் தட்டணுக்களிலும் இருக்கிறது.

ரத்த வங்கிகளில் தட்டணுக்களைப் பொதுவாக ஐந்து நாள்களே வைத்திருக்க முடியும். அதன்பின் எஞ்சியவை கழிவாகின்றன. அவற்றைக் கடுங்குளிரில் உறையவைத்து, உருகவைத்து, செல்களை உடைத்து, வடிகட்டினால் கிடைக்கும் சாறு, எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல் போன்றவற்றைக் கன்றின் சீரத்துக்கு நிகராகவோ அதைவிட நன்றாகவோ வளர்க்கிறது. பல கொடையாளர்களின் தட்டணுக்களைக் கலந்து தயாரித்தால், தொகுதிக்குத் தொகுதி தரம் மாறும் தொல்லையும் குறைகிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இச்சாறு ஊடகத்தில் கட்டியாக உறையாதிருக்கச் சேர்க்கப்படும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக்குடலிலிருந்து வருவது. கால்சியம் சேர்த்து முன்கூட்டியே கட்டியாக உறையச் செய்து, கட்டியை உண்டாக்கும் ஃபைப்ரின் புரதத்தை நீக்கிவிட்டால் அதுவும் வேண்டியதில்லை. விலங்குப்பொருள் இல்லாதது என்று சொல்லிக்கொள்வதானால் இவ்வளவு கவனமும் தேவை.

சீரமே இல்லாத ஊடகங்களும் புதியவை அல்ல. ஹார்மோன்களையும் வளர்ச்சிக் காரணிகளையும் கொண்டு சீரத்தை ஈடுசெய்யலாம் என்று செல் உயிரியலாளர் கார்டன் சாட்டோ 1976இல் காட்டினார். புரத மருந்துகளைத் தயாரிக்கும் பெரிய ஆலைகளில் இன்று இதுவே வழக்கம். நீரிழிவால் காலில் உண்டாகும் ஆறாப் புண்ணுக்கு 1997இல் அமெரிக்கா அனுமதித்த பெகாப்லெர்மின் களிம்பில் உள்ள தட்டணு வளர்ச்சிக் காரணி, மரபணு மாற்றிய ஈஸ்ட்டில் தயாராவது. எல்லாச் செல்களும் ஒரே நாளில் புதிய ஊடகத்துக்குப் பழகாது. சீரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், செலவும் தொடக்கத்தில் கூடலாம். ஆனால் ஊடகத்தில் இருப்பது இன்னதென்று தெரிந்து செய்யும் ஆய்வை மற்றவர்கள் திரும்பச் செய்து சரிபார்ப்பது எளிது.

உயிருள்ள விலங்கின் மீதான சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கேட்கும் நாம், சீரத்தைக் குப்பிகளில் வாங்குவதற்கு ஒரு வரிக் காரணமும் கேட்பதில்லை. 2023இல் திருத்தப்பட்ட மருந்துப் பரிசோதனை விதிகள் விலங்கில்லா முறைகளுக்கு இடம் தந்துள்ள நிலையில், ஆய்வுக்கு நிதி வழங்கும் அமைப்புகள் சீரத்தின் தேவையை விண்ணப்பத்திலேயே விளக்கக் கேட்க வேண்டும். காலாவதியான தட்டணுக்களை, கொடையாளரின் ஒப்புதலோடும் நோய்த்தொற்றுப் பரிசோதனையோடும், ஆய்வகங்களுக்கு வழங்கத் தெளிவான நடைமுறையைத் தமிழக மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் ரத்த வங்கிகளில் சுகாதாரத் துறை தொடங்கிவைக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிரித்தொழில்நுட்ப விரிவுரையாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.